திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை

ஆவடி சந்திரமதி தியேட்டரில் டிக்கெட் வாங்கியவர்களில் செலினின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. கவுண்டர் கண்ணாடி முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருக்கும். காட்சி நேரம், டிக்கெட் விலை, வெளித் தின்பண்டங்களுக்கு அனுமதியில்லை என்று ஒன்றின் மேல் ஒன்று. கீழே அரைவட்டமாக ஒரு திறப்பு. அதற்குள் கை வரும், டிக்கெட் வாங்கிக்கொண்டு போகும். நிமிர்ந்து பார்க்கவோ, சிரிக்கவோ, நலம் விசாரிக்கவோ தேவையில்லாத வேலை. செலின் பத்தொன்பது வருடமாக அதில் இருந்தாள்.

கையைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்வாள். நகக்கண்ணில் கருப்பு ஏறியிருந்தால் டேங்க் பேக்டரி ஒப்பந்தத் தொழிலாளி. ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடுகள் இருந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிற பெண். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பிறகு அவளும் அதே எஸ்டேட்டில் ஆறு வருடம் அட்டைப்பெட்டி மடித்தவள். பிறகு கிறிஸ்துராஜைக் கட்டிக்கொண்டு அண்ணனூர் ரயில்வே கார்ஷெட்டுக்குப் பின்பக்கக் காலனியில் குடிவந்தாள். கிறிஸ்துராஜ் வெல்டர். வேலை இருக்கிற மாதம் இருக்கும், இல்லாத மாதம் இல்லை. மகள் ஜெபிஷா நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் மாதம் தவறாமல் வருகிற சம்பளம் செலினுடையது ஒன்றுதான்.

அந்தச் சம்பளத்துக்குத்தான் பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை ஆபத்து வந்தது.

தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற தினகரன் அன்று மதியக் காட்சி தொடங்கியதும் கவுண்டர் அறைக்குள் வந்தார். உட்காரவில்லை.

"செலினம்மா, அடுத்த வாரத்திலேர்ந்து வார நாள்ல ஃபர்ஸ்ட் ஷோ கிடையாது. சாயங்காலம் ஆறேகால் ஷோவுக்கு இருபது பேரு வராங்க. ஏசி போட்ட கரண்டுக்கே காணாது. மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அவ்ளோதான். டிக்கெட்டை ஆன்லைன்ல வாங்கிக்கட்டும். ஒண்ணு ரெண்டு பேர் நேர்ல வந்தா கேன்டீன்ல பஞ்சவர்ணம் கிழிச்சுக் குடுத்துடும்."

"அப்ப நான் சார்?"

"சனி, ஞாயிறு வாயேன்."

சனி ஞாயிறு என்றால் மாதத்தில் எட்டு நாள். செலின் தலையை ஆட்டினாள். பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பின் முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் சொல்லிப் பார்ப்பது அவள் பழக்கம். இந்த முறை அவர் கதவைத் தாண்டுவதற்குள் எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"சார், இருபது பேர் வர்றாங்க. நாப்பது பேர் திரும்பிப் போறாங்க."

தினகரன் நின்றார். "எங்க திரும்பிப் போறாங்க?"

செலின் மேசை இழுப்பறையைத் திறந்து, தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பேனாக் கோடுகள். ஐந்தாவது கோடு நான்கின் மேல் குறுக்கே போகும். விற்ற டிக்கெட் எத்தனை என்று கம்ப்யூட்டர் சொல்லும், விநியோகஸ்தருக்கு அறிக்கையும் போகும். வாங்காமல் போனவர்களை யாரும் எழுதுவதில்லை. நவம்பரிலிருந்து அவள் எழுதிவந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. தினமும் ஆறு நாற்பது வாக்கில் அந்தத் திறப்பில் நூல் அறுத்த விரல்கள் தென்படும். "ஆரம்பிச்சுட்டாங்களாக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். ஆமாம் என்றால் கை வெளியே போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, கோடு போட்டாள்.

"எஸ்டேட்ல அஞ்சரைக்கு விடுவாங்க சார். பட்டரைவாக்கத்துல வண்டி புடிச்சு ஆவடில இறங்க ஆறரை ஆயிடும். இங்க நடந்து வந்தா ஆறு நாப்பது. பாதி பாட்டு முடிஞ்சு போய் உக்கார பொம்பளைங்களுக்கு மனசு வராது. ராத்திரி ஷோவுக்கும் வரமாட்டாங்க. இப்ப ஓடற படம் ரெண்டு மணி நேரந்தான். ஆறு அம்பதுக்கு ஆரம்பிச்சா இடைவேளையோட ஒன்பது பத்துக்கு வுட்டுடலாம். பத்து மணி ஷோ பாதிக்காது."

ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவளுக்கு வழக்கமில்லை. 

தினகரன் தாள்களைப் புரட்டினார். வியாபாரம் தெரிந்த ஆள். எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி கொடுப்பது, எந்த வெள்ளிக்கிழமை எதைத் தூக்குவது என்று பல விநியோகஸ்தர்களோடு மல்லுக்கு நின்றவர். ஓடிக்கொண்டிருந்தது ஒரு அண்ணியும் நாத்தனாரும் சண்டை போட்டு ராசியாகிற கதை. பெரிய நடிகர் யாரும் இல்லை. பரீட்சைக் காலமானதால் அதற்குப் பின்னால் காத்திருக்கும் பெரிய படமும் இல்லை.

"புதன், வியாழன், வெள்ளி. மூணு நாள் தரேன்" என்றார். "ஷோவுக்கு அம்பது, மொத்தம் நூத்தம்பது பேர் காட்டு. இல்லைன்னா நான் சொன்னதுதான்."

செவ்வாய்க்கிழமை செலின் வாசல் பலகையில் ஆறேகாலை அழிக்கச் சொல்லி ஆறு ஐம்பது என்று எழுத வைத்தாள். ஆறு நாற்பதுக்கு வந்து கேட்டவர்களிடம் நாளையிலிருந்து நேரம் மாற்றம் என்று அவளே திறப்பின் வழியாகச் சொன்னாள். நாற்பத்துநான்கு கோடுகள் போட்டாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

புதன்கிழமை விடிகாலை கோயிலுக்குப் போய் வந்து, சமைத்து வைத்துவிட்டு, பதினொரு மணிக்குத் தியேட்டரில் இருந்தாள். வாசலில் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான் வேம்புலி. ஸ்டேஷனிலிருந்து வெள்ளானூருக்கு ஓட்டுகிறவன். மீதி நேரத்தில் ரசிகர் மன்றச் செயலாளர். தன் நடிகரின் படம் உலகம் முழுக்க எத்தனை கோடி வசூல் என்பது அவன் போனில் எப்போதும் இருக்கும்.

"இன்னாக்கா, ஷோ டைமு மாத்திகினீங்களாமே? இந்த நாத்தனா படத்துக்கு ஆறு அம்பதுன்னா இன்னா, ஏழு அம்பதுன்னா இன்னா? எங்க தலைவரு படம் வரட்டும், காத்தால நாலு மணிக்கு வெச்சாலும் ஹவுஸ்புல்லு." பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "அது இன்னா நெத்தில? நீயும் விபூதி பூசிக்க ஆரம்பிச்சுட்டியா?"

செலின் நெற்றியைத் தொட்டாள். விரலில் சாம்பல் ஒட்டியது.

விபூதிப் புதன். அன்று தவக்காலம் தொடங்குகிறது. நாற்பது நாள் கறி இல்லை, கல்யாணம் இல்லை. சினிமாவும் இல்லை.

கவுண்டருக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் கோயில் பங்கிலேயே அதைக் கடைப்பிடிக்காத பெண் கிடையாது. சபைக்காரப் பெண்களும், லெந்து என்று அவர்கள் சொல்லும் இந்த நாட்களில் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். திரும்பிப் போன நாற்பது கைகளில் இருபத்தைந்துக்கு மேல் அவள் காலனியின் கிறிஸ்தவப் பெண்களின் கைகள். ஜெபமாலை மோதிரம் போட்ட விரல்களை அவளே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். காலையில் குருவானவர் முன்னால் நெற்றியைக் காட்டி நின்றபோதுகூட அது தோன்றவில்லை. கோயில் வேறு, தியேட்டர் வேறு என்று இத்தனை வருடமும் மனதுக்குள் நடுவே சுவர் வைத்து வாழ்ந்தவள். மாசி பங்குனியில் கூட்டம் குறைந்தால் தியேட்டரில் எல்லோரும் பரீட்சை என்பார்கள், அவளும் பரீட்சை என்றே நம்பியிருந்தாள்.

அன்று ஆறு ஐம்பது காட்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.

தினகரன் பால்கனிப் படியில் நின்று எண்ணினார். எண்ண அதிக நேரம் ஆகவில்லை. "ஆறேகாலுக்கு வெச்சிருந்தாகூட இருபது பேர் வந்திருப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

"மூணு நாள்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன். இல்லைங்கல."

வியாழக்கிழமை முழுவதும் அவள் யோசித்தாள். காலனிப் பெண்களைக் கூப்பிட முடியாது. கூப்பிடவும் கூடாது. விரதத்தை உடை என்று யாரிடமும் சொல்லி அவள் ஒரு டிக்கெட் விற்க மாட்டாள். அப்படியானால் அதே ரயிலில் வேறு யார் வருகிறார்கள்? பெட்டி பெட்டியாகப் பெண்கள் இறங்குகிறார்கள். முக்கால்வாசிப் பேர் தியேட்டர் பக்கம் திரும்புவதே இல்லை. நேராக ஷேர் ஆட்டோ வரிசைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அவள் ஒருநாளும் கோடு போட்டதில்லை. வந்து கேட்டவர்களை மட்டும்தான் எண்ணினாள், வரவே நினைக்காதவர்களை எண்ணவில்லை.

ஏன் வருவதில்லை என்பது யோசித்தால் தெரிந்தது. ஒன்பது மணிக்கு மேல் வெள்ளானூர்ப் பக்கம் வண்டி கிடையாது.

நாலு மணிக்கு வேம்புலியிடம் போனாள். அவன் சீட்டில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேம்புலி, ராத்திரி ஒன்பது பத்துக்கு தியேட்டர் வாசல்ல வண்டி போடுவியா? வெள்ளானூருக்கு."

"எட்டரைக்கெல்லாம் ஊட்டுக்குப் போயி குந்திப்பேன்க்கா. அந்த நேரத்துக்கு எவன் வருவான்?"

"எட்டு பேர் நான் ஏத்தி வுடறேன்."

"நீயா?" அவன் சிரித்துவிட்டான். "பத்து வருசமா உன்கிட்ட டிக்கெட் வாங்கறேன். இன்னிக்குத்தான் உனக்கு இவ்ளோ பெரிய குரல் கீதுன்னே தெரியுது."

"வருவியா, மாட்டியா?"

"வரேன், வரேன். அடிக்காத."

ஆறேகாலுக்குக் கவுண்டரைப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். மேம்பாலப் படி முடிகிற இடத்தில் நின்றாள். வண்டி வந்தது. படியில் கூட்டம் இறங்கியது. டிபன் பைகளும் அடையாள அட்டைக் கயிறுகளும் அவளை இடித்துக்கொண்டு போயின. கண்ணாடியும் இல்லை, திறப்பும் இல்லை. முழு முகங்கள், களைத்த முகங்கள், எல்லாம் அவளை நேராகப் பார்த்துக்கொண்டே வந்தன.

"ஆறு அம்பதுக்குப் படம் இருக்கு" என்றாள் முதலில் வந்தவளிடம். அவள் காதில் விழவில்லை. இரண்டாவது பெண் ஏதோ சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் என்று நினைத்து, "வேணாங்க" என்று ஒதுங்கினாள்.  இத்தோடு திரும்பிவிடலாம் என்று கால் சொன்னது. காலை ஊன்றி நின்றாள். ஆட்டோ வரிசையின் கடைசியில் போய் நின்று, முன்னால் நின்ற பருமனான பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"அக்கா, சந்திரமதில படம் ஆறு அம்பதுக்குத்தான் போடறோம். உங்க வண்டிக்காகத்தான் நேரம் மாத்தியிருக்கு."

அந்தப் பெண் திரும்பினாள். ராஜம்மா என்று பேர், கம்பெனியில் ஒரு தையல் லைனுக்கே சூப்பர்வைசர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவள் குரல் மட்டும்தான்.

"எங்களுக்கோசரம் மாத்திகீறாங்களா? எவன்டி அவன், எங்க மேல இவ்ளோ அக்கறை?"

"நான்தான்" என்றாள் செலின்.

ராஜம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "முடிஞ்சா ஊட்டுக்கு எப்டிப் போறது? உன் தோள்ல தூக்கினு போவியா?"

"ஒன்பது பத்துக்கு வாசல்லயே ஷேர் ஆட்டோ நிக்கும். வெள்ளானூர் போகும்."

"கக்கூசு?"

"காத்தால கழுவினது. சாயங்காலம் நானே ஒருதடவை பாத்துட்டுத்தான் வந்தேன்."

"படம் எப்டி? எவனாச்சும் வெட்டிகினே இருப்பானா?"

"வெட்டு இல்லைக்கா. அண்ணி, நாத்தனார் சண்ட."

ராஜம்மா இடுப்பில் கைவைத்து வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "அடியே சுவேதா! வித்யா! இங்க வாங்கடி. இந்தம்மா இன்னாவோ சொல்லுது. நம்ம ஊட்டுக் கதையே படமா எடுத்து வெச்சிகீறாங்களாம். போயி நாத்தனாள அடிக்கிறத காசு குடுத்துப் பாத்துட்டு வரலாம்."

"எங்க மாமியாளுக்கு யாரு போன் பண்றது?" என்றது ஒரு குரல்.

"ஓட்டின்னு சொல்லுடி! ஓவர்டைமு இன்னிக்கி ஆறு அம்பதுக்கு ஆரம்பம்!"

வரிசையே சிரித்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் முறைத்தார்கள்.

அன்று நாற்பத்தொரு பேர். செலின் ஓட்டமும் நடையுமாக வந்து கவுண்டரில் உட்கார்ந்தபோது திறப்புக்குள் ஒரே நேரத்தில் மூன்று கைகள் இருந்தன. ஒன்பது பத்துக்கு வேம்புலி வண்டி நின்றது. எட்டு பேர் ஏறியும் இன்னும் பலர் நின்றார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு இன்னும் மூன்று வண்டிகளுக்குப் போன் போட்டான்.

வெள்ளிக்கிழமை அவள் ஸ்டேஷனுக்குப் போனபோது கூப்பிட வேண்டியிருக்கவில்லை. படியிலிருந்தே ராஜம்மா கை காட்டினாள். பின்னால் வேறொரு லைனும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. எண்பத்துமூன்று டிக்கெட். பெண்கள் வழக்கமாக உட்காரும் பின்வரிசைகள் நிரம்பி முன்வரிசைகளிலும் பெண்களே உட்கார்ந்தார்கள். நேரம் மாறியது தெரியாமல் ஆன்லைனில் ஆறேகால் என்று நம்பி வந்த ஆறு பேரும் அதில் உண்டு.

படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் தினகரன் கவுண்டர் கதவருகே வந்து நின்றார். கையில் போன்.

"ஒன்பது, நாப்பத்தொண்ணு, எம்பத்திமூணு. நூத்திமுப்பத்திமூணு." உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் பண்ணிருக்க செலினம்மா. ஆனா பேசினது நூத்தம்பது. பதினேழு குறையுது."

செலின் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அறையை விட்டு வெளியே வந்து அவர் எதிரில் நின்றாள். முதலாளி முன்னால் தரையைப் பார்த்தே பழகியவள் அன்று அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும் நிமிர்ந்தாள்.

"சார், போன மாசம் அந்தச் சண்டைப் படத்தைத் தூக்கினப்ப விநியோகஸ்தர் உங்ககூட போன்ல சத்தம் போட்டார். மூணு நாள்ல ஆயிரத்து இருநூறு பேர் வந்திருக்காங்க, ஏன் தூக்கறீங்கன்னு கேட்டார். நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் சொன்னதெல்லாம் நீ கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"அறுநூறு, நானூறு, எரநூறு. எறங்கற படத்தை வெச்சுகினு நான் இன்னா பண்றதுன்னு சொன்னீங்க. மொத்தத்தை யார் பாக்கறா, நாளைக்கு எவ்ளோ வரும்னுதான் தொழில்ல பாக்கணும்னு சொன்னீங்க." மூச்சு விட்டுக்கொண்டாள். "இது ஒன்பது, நாப்பத்தொண்ணு, எம்பத்திமூணு. ஏறுது சார். ஏறற ஷோவை யாராவது தூக்குவாங்களா?"

 உள்ளே அண்ணி ஏதோ சொல்ல, எண்பது பெண்கள் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

"வெள்ளிக்கிழமை ஏறத்தான் செய்யும்" என்றார்.

"புதுப்படத்துக்கு ஏறும் சார். ரெண்டாவது வாரம் போற படத்துக்கு வெள்ளிக்கிழமை எறங்கும். இன்னிக்கு பூந்தமல்லிலயும் அம்பத்தூர்லயும் மூணு புதுப்படம். அத்த வுட்டுட்டு இங்க வந்திருக்காங்க."

"புதன்கிழமை ஒன்பது பேர் வந்ததுக்கு என்ன சொல்ற?"

"அது என் தப்பு. எங்க ஜனங்களுக்குத் தவக்காலம் ஆரம்பிச்ச நாள். எனக்கு ஞாபகம் வரல."

 தினகரன் தலையை ஆட்டிச் சிரித்தார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கலாம் நீ. சரி, இன்னும் ஒரு வாரம் பாப்போம்."

"ஒரு வாரம் பத்தாது சார். நேரம் மாறிச்சுன்னு ஊருக்குத் தெரியவே ஒரு மாசம் ஆகும். ஆன்லைன்ல இன்னும் ஆறேகால்னே காட்டுது, அதையும் மாத்தணும். ஏப்ரல்ல பெரிய படம் வர்ற வரைக்கும் ஆறு அம்பது இருக்கட்டும். நானும் எல்லா நாளும் வரேன்."

"பெரிய படம் மூணு மணி நேரம் ஓடும். அப்ப?"

"அப்ப அதுக்கு ஒரு நேரம் பாக்கலாம் சார்."

தினகரன் போனை எடுத்து விநியோகஸ்தர் எண்ணை அழுத்தினார். அவள் நகராமல் நின்றாள். "வணக்கம் சார், சந்திரமதி தினகரன். உங்க படத்தை நான் வெச்சுக்கறேன், வேற தியேட்டருக்கு மாத்தாதீங்க. ஃபர்ஸ்ட் ஷோ ஏறுது... ஆமா சார், ஏறுது. டைமை மாத்தியிருக்கோம், ஆறு அம்பது. நம்பரா? ஒரு நிமிஷம்."

அவர் போனை வாயிலிருந்து விலக்கி அவள் பக்கம் நீட்டினார். "நீயே சொல்லு."

செலின் கிட்டே வந்தாள். முகம் தெரியாத ஒருவர் அந்தப் பக்கம் காத்திருந்தார்.

"ஒன்பது, நாப்பத்தொண்ணு, எம்பத்திமூணு" என்றாள், அவர் திரும்பக் கேட்க வேண்டியிராதபடி தெளிவாக. "நாளைக்கு நூறு தாண்டும் சார்."